குழந்தைங்களோட கனூ கேம்பிங் போறீங்களா? மார்ச் மாச ஆத்துப் பயணத்துக்கு துணி எடுத்து வைக்கிறதுக்கு முழு வழிகாட்டி

பிப்ரவரி கடைசியில ஆரம்பிச்சு ஏப்ரல் தொடக்கம் வரைக்கும் தான் தென்னாப்பிரிக்காவுல குழந்தைங்களை கனூ படகுல கூட்டிட்டுப் போக சரியான நேரம், தண்ணி இன்னும் வெதுவெதுன்னு இருக்கும், டிசம்பர் கூட்டம் போயிருக்கும், மார்ச் 21 மனித உரிமை நாள் லீவு வெள்ளியோ திங்களோ வந்தா லாங் வீக்எண்டு கிடைச்சிடும், அப்புறம் டெர்ம் லீவு. பிப்ரவரில மேரிட்ஸ்பர்க்ல இருந்து டர்பன் வரைக்கும் நடக்கிற டூசி கனூ போட்டிய பாத்துட்டு பசங்க நாங்களும் துடுப்பு போடணும்னு பிடிவாதம் பிடிக்கிறதும் இந்த சமயத்துல தான். ஆனா துணி விஷயத்துல ரொம்ப ஏமாத்துற சீசனும் இதே தான். மத்தியானம் கொளுத்தும், நாலு மணிக்கு காத்து மாறும், விடியக்காலைல குழந்தை ஸ்லீப்பிங் பேக்ல சுருண்டுக்கும். வெயில் காலம் தானேன்னு நாலு டீ-ஷர்ட் போட்டு கெளம்பினா பத்தாது, ஆயா சொன்னாங்கன்னு ஸ்வெட்டரா அடுக்கினா கனூவுல இடம் இருக்காது.

நான் சொல்லப்போறது எல்லாத்துக்கும் அடியில ஒரே விஷயம் தான் இருக்கு. குழந்தைக்கு ரெண்டே வகை துணி, ஒண்ணு ஆத்துத் துணி, இன்னொண்ணு ராத்திரித் துணி. ஆத்துத் துணி நனையத்தான் போகுது, நனையட்டும். ராத்திரித் துணிய மட்டும் சாமி ரூம் மாதிரி பாத்துக்கணும், ஈரக் கையோட யாரும் தொடக்கூடாது, பகல்ல எடுக்கக்கூடாது, "ஒரு நிமிஷம் போட்டுக்கிறேன்"னு பையன் கெஞ்சினாலும் தரக்கூடாது. இது ரெண்டும் கலக்காம இருந்தா மத்ததெல்லாம் சமாளிச்சிடலாம்.

முதல்ல எந்தத் தண்ணின்னு முடிவு பண்ணுங்க

லிஸ்ட் எழுதறதுக்கு முன்னாடி இதைப் பண்ணணும், ஏன்னா ராத்திரி காயப்போட்ட துணி காலைல காயுமா காயாதாங்கறதுல தான் எத்தனை செட் எடுக்கணும்ங்கற கணக்கே இருக்கு.

ஆரஞ்ச் நதிக்குப் போறவங்க பெரும்பாலும் கேப் டவுன்ல இருந்து என்7 ரோட்ல ஏறக்குறைய 700 கிலோமீட்டர் ஓட்டிட்டுப் போய், நமீபியா எல்லைல ஃபியூல்ஸ்ட்ரிஃப் பக்கம் தண்ணியில இறங்குவாங்க. கைடோட போற டிரிப் நாலு நாள் மாதிரி இருக்கும், சாப்பாடு டென்ட் துணி எல்லாமே கனூவுலயே தான் வரும். ரிக்டர்ஸ்ஃபெல்ட் மலைங்களை ஒட்டின வறண்ட பாலைவனப் பக்கம், பிப்ரவரில 40 டிகிரி தாண்டும், அதனால சின்ன பசங்களோடன்னா நான் மார்ச் கடைசி தான் சொல்வேன். அங்க காத்துல ஈரமே இல்லாததால கொடியில போட்ட துணி சூரியன் மறையறதுக்குள்ளயே காஞ்சிடும். ஆத்துத் துணி ரெண்டு செட் தாராளம்.

ஸ்வெலண்டாம் பக்கம் பிரீட் ஆறுன்னா அதுவும் கேப் பக்கம் தான், கோடைல மழை குறைவு, ஆனா மத்தியானத்துக்கு மேல காத்து நல்லா வீசும், அதனால காத்து தடுக்கிற ஜாக்கெட் இல்லாம போகாதீங்க.

நம்ம குவாசுலு நேட்டால் பக்கம் கதையே வேற. மிட்மார் மாதிரி அணைல ஒரு ராத்திரி தங்கினாலும் சரி, டிராகன்ஸ்பர்க் மலை அடிவாரத்துல ரெண்டு ராத்திரி தங்கினாலும் சரி, கோடை மழை மார்ச் வரைக்கும் இருக்கும், மத்தியானம் மேகம் கட்டி சாயங்காலம் இடியோட கொட்டும், சில நாள் ஆலங்கட்டியும் விழும், ராத்திரி பனி இறங்கும். சாயங்காலம் காயப்போட்டதை காலைல தொட்டுப் பாத்தா போட்டப்போ இருந்ததை விட ஈரமா இருக்கும். இங்க மூணு செட் ஆத்துத் துணி வேணும், ராத்திரி செட்டும் ஒண்ணு கூட வேணும். ஹாரிஸ்மித் பக்கம் ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் அணைக்குப் போறீங்கன்னா அது கடல் மட்டத்துல இருந்து 1,700 மீட்டர் உயரம், துகேலா ஆத்துப் பக்கத்துல இருந்து மேல பம்ப் பண்ணி ஏத்துற தண்ணி, பாக்க கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனா குளிரும். டர்பன்ல ஏசி போட்டு தூங்கற அதே வாரத்துல அங்க குழந்தைக்கு பீனி (காதை மூடற குளிர் தொப்பி) வேணும்.

இன்னொரு விஷயம், இதை துணியால தீர்க்க முடியாது, அதனால முதல்லயே சொல்லிடறேன். குவாசுலு நேட்டால் தாழ்வான பகுதி, லிம்போபோ, எம்புமலங்கா பக்கம் மெதுவா ஓடற வெதுவெதுப்பான தண்ணில பில்ஹார்சியாங்கற புழு நோய் இருக்கு. நத்தைல இருந்து வர்ற புழு சில நிமிஷத்துலயே தோல் வழியா உள்ள போயிடும், லெகிங்ஸ் போட்டிருக்கான், உடனே துடைச்சிட்டோம்ங்கறதை எல்லாம் நம்ப முடியாது. கோசி பே, பொங்கோலா பக்கம் முதலையும் நீர்யானையும் வேற இருக்கு. குழந்தைங்களோட போற முதல் டிரிப்புக்கு அந்தத் தண்ணிய விட்டுடுங்க.

பருத்தி பத்தி கொஞ்சம் பேசணும்

நமக்கு பருத்தின்னா நல்லது, குழந்தை தோலுக்கு இதமா இருக்கும், இது ரத்தத்துலயே ஊறின நம்பிக்கை, வீட்டுல அது உண்மையும் கூட. கனூவுல பருத்தி தண்ணிய இழுத்து வச்சிக்கும், கனமாகும், காய நேரம் ஆகும், காயற வரைக்கும் உடம்புல இருக்கிற சூட்ட எடுத்துட்டே இருக்கும். பெரியவங்களுக்கு இது எரிச்சல் அவ்வளவு தான். குழந்தைக்கு அப்படி இல்ல, எடைக்கு தோல் பரப்பு ஜாஸ்தி, அதனால சூடு சீக்கிரம் போயிடும், 25 டிகிரில கூட நனைஞ்ச துணியோட காத்துல உக்காந்தா ஒரு எட்டு வயசுப் பையன் அரை மணி நேரத்துல நடுங்க ஆரம்பிச்சிடுவான். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். ஹூடி வேண்டாம், அதோட தொப்பிக் கயிறு கிளைல மாட்டும், நனைஞ்சா ரெண்டு நாள் காயாது.

ஆரஞ்ச் நதில மத்தியானம் 38 டிகிரில நனைஞ்ச பருத்தி சட்டை குளுகுளுன்னு தான் இருக்கும், உண்மை, ஆனா மூணு நாலு மணிக்கு அங்க எதிர்காத்து பிடிக்கும், அப்போ அதே சட்டை தான் வம்பு. அதனால பகல்ல பாலியெஸ்டர் இல்லன்னா நைலான்.

இதுக்கு கடைக்கு ஓடத் தேவையில்ல. பசங்களோட ஸ்கூல் நீச்சல் ரேஷ் வெஸ்ட் (உடம்போட ஒட்டின நீச்சல் சட்டை) இருக்கும், பி.டி. ஷார்ட்ஸ் இருக்கும், ஸ்கூல் டிராக்சூட் பாதிக்கு மேல பாலியெஸ்டர் தான், சாக்கர் ஜெர்ஸி இருந்தா அதுவும் அருமை. லேபிள் பிஞ்சு போச்சு, என்ன துணின்னு தெரியலன்னா வீட்டுலயே பாத்துடலாம். ஒரு ராத்திரி வாளில முக்கி எடுங்க, நல்லா முறுக்கிப் பிழிங்க, அப்புறம் ஒரு காஞ்ச துண்டுல வச்சு பாய் சுருட்டற மாதிரி சுருட்டி மேல காலால மிதிங்க, விரிச்சு வெளில கொடில போடுங்க. காலைல ஆறு மணிக்கு அக்குள் தையலையும் இடுப்பு எலாஸ்டிக்கையும் விரலால அழுத்திப் பாருங்க, ஏன்னா மத்த இடமெல்லாம் காஞ்ச மாதிரி இருந்தாலும் ஈரம் அந்த ரெண்டு இடத்துல தான் ஒளிஞ்சிட்டு இருக்கும். அங்கயும் காஞ்சிருந்தா அது கனூவுக்கு ஆச்சு. சில்லுனு இருந்தா வீட்டுலயே இருக்கட்டும். அந்தத் துண்டுல சுருட்டி மிதிக்கிற வேலைய கேம்ப்லயும் பண்ணலாம், காயற நேரம் பாதியாயிடும்.

புதுசா வாங்கறதுன்னா பிப்ரவரி ஆரம்பத்துலயே வாங்கிடுங்க. மார்ச்ல மிஸ்டர் பிரைஸ், ஆக்கர்மன்ஸ், பெப் கடை எல்லாத்துலயும் குளிர்கால சரக்கு இறங்கிடும், ஃப்ளீஸ் (மெத்துனு இருக்கிற பாலியெஸ்டர் ஸ்வெட்டர்) தாராளமா கிடைக்கும், ரேஷ் வெஸ்ட்ல குழந்தை சைஸ் தேடினா இருக்காது.

ஆத்துத் துணி, தலைல இருந்து கால் வரைக்கும்

தொப்பி அகலமான விளிம்போட, தாடைக்கு கீழ கட்டற நாடாவோட வேணும், நாடா இழுத்தா கழண்டு வர்ற மாதிரி இருந்தா நல்லது. வெறும் கேப் போட்டா காதும் பிடரியும் எரிஞ்சிடும். தண்ணில பட்டு வெளிச்சம் திரும்பி மேல அடிக்கும், அதனால தொப்பி போட்டும் மூக்குக்கு கீழயும் தாடையிலயும் பொசுங்கும், அதுக்கு ஒரு பஃப் (குழாய் மாதிரி இருக்கிற கழுத்துத் துணி) கழுத்துல போட்டு மூக்கு வரைக்கும் ஏத்தி விடுங்க. தொப்பி ஒண்ணு ஆத்துல போயிடும்னு வச்சிக்கோங்க, ஆளுக்கு ரெண்டு எடுங்க.

நம்ம பசங்க கறுப்பு, வெயில் ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. பண்ணும். இங்க கோடைல யூ.வி. அளவு (வெயிலோட புற ஊதாக் கதிர் குறியீடு) 11க்கு மேல சர்வ சாதாரணமா போகுது, கறுத்த தோலும் எரியும், சிவக்கறது தெரியாததால நமக்கு லேட்டா தான் புரியும், ராத்திரி போர்வை பட்டாலே பிள்ளை கத்தும்போது தான் தெரியும். முழுக்கை ரேஷ் வெஸ்ட் போட்டுட்டா சன்ஸ்க்ரீன் தேய்க்கிற சண்டை முக்காவாசி முடிஞ்சிடும். வெள்ளை மெல்லிசு பருத்தி டீ-ஷர்ட் வெயிலைத் தடுக்கிறது ஏற்கெனவே கம்மி, நனைஞ்சா இன்னும் கம்மி.

நிறைய பேர் மறக்கிற இடம் தொடை. கனூவுல குழந்தை நாள் முழுக்க காலை நீட்டி உக்காந்திருக்கும், ஷார்ட்ஸ் மேல ஏறிடும், சூரியன் நேரா தொடை மேல அடிக்கும், முட்டி மேலயும் பாதத்து மேலயும் அப்படித்தான். அதனால நான் ஷார்ட்ஸ்க்கு பதிலா மெல்லிசு நைலான் லெகிங்ஸ் தான் சொல்வேன், பையனுக்கும் அதே தான், மேல ஷார்ட்ஸ் போட்டுக்கட்டும். பொம்பளப் பிள்ளைக்கு ஒத்தை பீஸ் நீச்சல் டிரஸ் வேண்டாம், ஆத்தங்கரைல புதர் பின்னாடி ஒண்ணுக்குப் போக லைஃப் ஜாக்கெட்ட கழட்டி, ஈரமான டிரஸ்ஸ முழுசா உரிச்சு, நடுங்கிட்டே நிக்கும், மேல தனி கீழ தனியா போட்டு விடுங்க.

கலர் பளிச்சுன்னு இருக்கணும். ஆரஞ்சு, எலுமிச்சை மஞ்சள், பளீர் பிங்க். நீலம், பச்சை, சாம்பல் கலர் தண்ணிக்குள்ள போனா கண்ணுக்குத் தெரியாது. அழகா இருக்குன்னு அந்த கடல் நீல ரேஷ் வெஸ்ட்டை எடுக்காதீங்க.

காலுக்கு பழைய டக்கீஸ் (கேன்வாஸ் ஷூ), லேஸ் இறுக்கிக் கட்டினது. ஸ்லாப்ஸ் (ரப்பர் செருப்பு) வேண்டாம், கரை சேத்துல ஒரு அடி வச்சா சேறு அதை உறிஞ்சிட்டுப் போயிடும். க்ராக்ஸும் அதே கதி. கம்பூட்ஸ் (முட்டி வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸ்) போடவே கூடாது, கனூ கவிழ்ந்தா தண்ணி ரொம்பி காலை கீழ இழுக்கும். ஆரஞ்ச் நதிக் கரைல நெருஞ்சி முள் நிறைய, நம்ம ஊர்ல பாத்த அதே நெருஞ்சி தான், வெறுங்காலோட ஒரு குழந்தையையும் இறக்கி விடாதீங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி நாள் கொலுசு, அரைஞாண், வளையல், கழுத்துச் செயின் எல்லாத்தையும் கழட்டி வீட்டுல வச்சிடுங்க. கொலுசு கனூ சீட்டுக்கு கீழ இருக்கிற கம்பில மாட்டும், வெள்ளி அரைஞாண் லைஃப் ஜாக்கெட் பெல்ட்டுக்கு அடியில நாள் முழுக்க உரசி இடுப்பப் புண்ணாக்கிடும். சின்னத் தோடு இருக்கட்டும், தொங்கற ஜிமிக்கி வேண்டாம். முடிய நல்லா எண்ணெய் வச்சு இறுக்கி ரெட்டை ஜடை போட்டுட்டா நாலு நாளும் சிக்கு பிடிக்காது.

லைஃப் ஜாக்கெட்ட துணியோட சேத்து போட்டுப் பாருங்க

இதை வீட்டுலயோ டிரிப் கிளம்பற இடத்துலயோ கண்டிப்பா பண்ணணும். வயசப் பாக்காதீங்க, குழந்தையோட எடையப் பாத்து சைஸ் எடுங்க. ரேஷ் வெஸ்ட் மேல போட்டு பக்கிள் எல்லாம் மாட்டி, தோள் பட்டைய பிடிச்சு மேல தூக்குங்க, காது வரைக்கும் ஏறினா அது லூஸு, வேற மாத்துங்க. சின்னதுங்களுக்கு கால் நடுவுல போற பட்டை இருக்கணும். அப்புறம் மழை ஜாக்கெட்ட உள்ள போட்டு அதே மாதிரி திரும்பவும் பாருங்க. மழை ஜாக்கெட் எப்பவும் லைஃப் ஜாக்கெட்டுக்கு உள்ள தான், அதனால இடுப்பளவு நீளம் உள்ள மெல்லிசு ஜாக்கெட் தான் சரி. போஞ்சோ மாதிரி மேல கவுத்துறது கனூவுல ஆபத்து, தண்ணில விழுந்தா மூஞ்சிய மூடிக்கும், கை வெளில வராது. இடி கேட்டா ஜாக்கெட் போட்டுட்டு துடுப்பு போடாதீங்க, கரையேறிடுங்க.

ராத்திரித் துணி

ஒரு முழுக்கை டீ-ஷர்ட், ஒரு டிராக் பேண்ட், ஒரு ஃப்ளீஸ், ரெண்டு ஜோடி சாக்ஸ், பீனி, உள்ளாடை, ஒரு ஜோடி காஞ்ச மூடின ஷூ. இங்க பருத்தி ஓகே, ஏன்னா இது நனையப் போறதில்ல. பிராய் (கறி சுடற) நெருப்பு பக்கத்துல உக்காரும்போது பருத்தியோ கம்பளியோ மேல இருக்கிறது தான் நல்லதும் கூட, நைலான், ஃப்ளீஸ் எல்லாம் பொறி பட்டா உருகி தோல்ல ஒட்டிக்கும். ஃப்ளீஸ நெருப்புக்கு தள்ளி உக்காரும்போதும் தூங்கும்போதும் போட்டா போதும். சாக்ஸ்ல ஒண்ணாவது கம்பளி இருக்கட்டும், கம்பளி நனைஞ்சாலும் கொஞ்சம் சூடு தரும்.

வெளிர் கலர் முழுக்கை, முழுக்கால் துணியா எடுத்தா கொசுவுக்கும் ஆகும். வடக்கு நேட்டால், லோவெல்ட்னு சொல்ற வடகிழக்குத் தாழ்நிலப் பக்கம் மலேரியா சீசன் மே வரைக்கும் இருக்கு, அந்தப் பக்கம் போறவங்க மாத்திரை பத்தி டாக்டர்ட்ட முதல்லயே கேட்டுட்டுப் போங்க, முழுக்கைச் சட்டை மட்டும் போதாது.

படுக்கைய நனைக்கிற குழந்தைன்னா இன்னொரு பேண்டும், ஸ்லீப்பிங் பேக் உள்ள போட ஒரு பழைய பருத்தி விரிப்பும் கூட வைங்க, குழந்தைக்கு மட்டும் தெரியற மாதிரி தனிப் பைல வச்சிட்டா மத்த பசங்க முன்னாடி அதுக்கு சங்கடம் இருக்காது. வயசுக்கு வந்த பொண்ணுக்கு டேட் இல்லன்னாலும் எடுத்து வைங்க, கறுப்பு லெகிங்ஸ், பீரியட் பேன்டி ரெண்டு மூணு, பயன்படுத்தினதைப் போட கறுப்புப் பை ஒண்ணு, அதை திரும்ப நாமளே கொண்டு வந்துடணும், மண்ணுல புதைக்கக் கூடாது.

துண்டுக்கு தடிமனான பாத் டவல் எடுக்காதீங்க, ஒரு டவலே பாதி பையை அடைச்சிக்கும், காயவும் காயாது. ஊருக்குப் போனப்போ வாங்கிட்டு வந்த ஈரிழைத் துண்டு இருக்குமே, அது தான் இதுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி, மடிச்சா உள்ளங்கை அளவு, உதறிப் போட்டா ஒரு மணி நேரத்துல காஞ்சிடும். கூடவே தாத்தாவோட பழைய லுங்கி ஒண்ணு. குழந்தை உடை மாத்த சுத்திக்கட்டிக்கலாம், மத்தியானம் கரைல ரெண்டு துடுப்புக்கு நடுவுல கட்டினா நிழல், சுருட்டினா தலையணை. கடைல விக்கிற எந்த கேம்பிங் சாமானும் இதுக்கு ஈடாகாதுங்கறது என் அபிப்பிராயம்.

எத்தனை வேணும், எப்படிக் கட்டணும்

மூணு ராத்திரிக்கு ஒரு குழந்தைக்கு, வறண்ட பக்கம்னா: ஆத்துத் துணி ரெண்டு செட், ராத்திரித் துணி ஒரு செட், உள்ளாடை நாலு, தொப்பி ரெண்டு, பஃப், மழை ஜாக்கெட், டக்கீஸ், காஞ்ச ஷூ. ஈரமான பக்கம்னா முன்ன சொன்ன மாதிரி ரெண்டுலயும் ஒண்ணு கூட்டிக்கோங்க. அதுபோக குடும்பத்துக்கு பொதுவா ஒரு அவசரப் பை, அதுல கடைசிப் பிள்ளையோட சைஸ்லயும் பெரிய பிள்ளையோட சைஸ்லயும் ஒரு முழு செட். திரும்பி வரும்போது போட ஒரு செட்ட பக்கிலயோ (பின்னாடி திறந்த பிக்-அப் வண்டி) கார்லயோ விட்டுட்டுப் போங்க, அது ஆத்துக்கு வரவே வேண்டாம்.

டிரை பேக் (தண்ணி புகாத பை) குழந்தைக்கு ஆளுக்கு 10 லிட்டர், அவசரப் பைக்கு 20 லிட்டர், ஆளுக்கொரு கலர். டிரிப் நடத்தறவங்க மூடி போட்ட டிரம் தருவாங்கன்னாலும் துணிய டிரை பேக்ல போட்டு தான் டிரம்ல வைக்கணும், ஏன்னா ஒருத்தர் மூடிய சரியா திருகாம விட்டா போச்சு.

ராத்திரித் துணிய இப்படிக் கட்டுங்க. டிராக் பேண்ட தரைல விரிச்சு, மேல டீ-ஷர்ட், அதுக்கு மேல உள்ளாடையும் சாக்ஸும், கால் பக்கம் இருந்து இறுக்கமா சுருட்டுங்க, ஜிப் கவர்ல போடுங்க, ஜிப்ப முக்காவாசி மூடிட்டு முட்டி போட்டு மேல அழுத்தி காத்தெல்லாம் வெளியேத்தி மீதிய மூடுங்க. இப்போ அது செங்கல் மாதிரி கெட்டியா இருக்கும். ஃப்ளீஸும் பீனியும் தனி கவர். டிரை பேக்ல போடும்போது பீனியும் ஃப்ளீஸும் மேல இருக்கணும், குளிர்ற குழந்தைக்கு அது தான் முதல்ல வேணும். வாய மூணு நாலு சுத்து இறுக்கிச் சுருட்டி பக்கிள் போடுங்க, ரெண்டு சுத்தோட விட்டா தண்ணி உள்ள வரும், மூணு சுத்து வர்ற அளவுக்கு இடம் இல்லன்னா பை ரொம்பி இருக்கு, எதையாவது வெளில எடுங்க. டாய்லெட் பேப்பர் ரெண்டு தாள் உள்ள போட்டு மூடி, பாத் டப்ல பத்து நிமிஷம் அமுக்கிப் பிடிச்சுப் பாருங்க. தாள் காஞ்சு இருந்தா நிம்மதியா தூங்கலாம்.

பையை குழந்தையே கட்டட்டும், நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க. ஆறு வயசுப் பிள்ளைக்கே அது முடியும். அதுவே கட்டினா தான் இருட்டுல பீனி எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியும்.

மழை ஜாக்கெட், பஃப், ரெண்டாவது தொப்பி இதெல்லாம் டிரை பேக் உள்ள போகக்கூடாது, சீட்டுக்குப் பக்கத்துல கையெட்டுற சின்னப் பைல கட்டி வைங்க.

ஆத்துல, கேம்ப்ல

குழந்தைக்கு குளிர்றதை அது சொல்லும்னு காத்திருக்காதீங்க, விளையாட்டு போயிடும்னு சொல்லாது. நம்ம பசங்களுக்கு உதடு நீலமாகறது வெளில சரியாத் தெரியாது, கீழுதட்டை மடிச்சு உள்பக்கம் பாருங்க, நகத்தைப் பாருங்க. வாயாடிப் பிள்ளை திடீர்னு அமைதியாயிடுச்சுன்னாலோ, துடுப்பு கைல இருந்து நழுவிட்டே இருந்தாலோ கரைக்கு ஒதுங்குங்க. ஈரச் சட்டைய கழட்டி, துடைச்சு, முதல்ல மேல் உடம்புக்கு காஞ்சது, உடனே பீனி, அப்புறம் தான் கீழ. இனிப்பா சூடா ஒரு மைலோ. ஃபிளாஸ்க்ல வெந்நீர் காலைலயே ஊத்தி வச்சிருந்தா அடுப்பு பத்த வைக்கிற நேரம் மிச்சம். இதுக்கு அவசரப் பையத் தான் திறக்கணும், ராத்திரிப் பையத் திறக்காதீங்க.

கேம்ப் போட்டதும் டென்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி கொடி கட்டுங்க, வெயில் மிச்சம் இருக்கும்போதே துணி ஏறணும். ஈரத் துணிய நெருப்பு ஓரம் போடாதீங்க. வடகிழக்குப் பக்கம் வெக்கையான இடங்கள்ல புட்சி ஈ ஈரத் துணில முட்டை போடும், புழு தோலுக்குள்ள போய் கொப்புளம் மாதிரி வரும், அங்கெல்லாம் துணிய மண்ணுல விரிக்காம, நிழல்ல விடாம, நல்ல வெயில்ல உயரமாக் கட்டணும். வீட்டுக்கு வந்து சூடா அயர்ன் பண்ணினா முட்டை செத்துடும், உள்ளாடை இடுப்புப் பட்டை வரைக்கும் அயர்ன் பண்ணுங்க.

ராத்திரி ஷூவ டென்ட் உள்ள வைங்க, ரெண்டையும் ஒரு பைல போட்டுக் கட்டிடுங்க. காலைல கவுத்து நல்லா தட்டிட்டு தான் போடணும், ரிக்டர்ஸ்ஃபெல்ட் பக்கம் தடிச்ச வாலும் சின்ன இடுக்கிக் கையும் உள்ள தேள் இருக்கு, அது விஷம் ஜாஸ்தி உள்ள வகை. கொடில இருந்து எடுத்த துணியையும் உதறிட்டுப் போட்டு விடுங்க.

காலைல ஈர ஆத்துத் துணிய திரும்பப் போடும்போது தான் அழுகை வரும். அதனால டிபன் முடிச்சு, டென்ட் மடிச்சு, கனூல சாமான் ஏத்தி, எல்லாம் ஆன பிறகு கடைசியா மாத்துங்க, அதுவரைக்கும் ராத்திரித் துணிலயே சுத்தட்டும். அந்த நேரத்துக்குள்ள ஆத்துத் துணிய கனூ மேல வெயில் படற பக்கம் விரிச்சு வச்சா கொஞ்சம் சூடேறி இருக்கும். மாத்தின உடனே ராத்திரித் துணிய அதே இடத்துல, அதே வரிசைல கட்டி மூடிடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா அது தான் நனையும்.

வீட்டுக்கு வந்ததும்

ஈரப் பையை காரேஜ்ல போட்டுட்டு தூங்கப் போகாதீங்க, அன்னைக்கே எல்லாத்தையும் கொட்டி வாஷிங் மெஷின்ல சூடு தண்ணில போடுங்க, டிரை பேக்க உள்ள வெளில திருப்பிக் காய வைங்க. குழந்தைங்களைக் குளிப்பாட்டும்போது உண்ணி இருக்கான்னு பாருங்க, காது பின்னாடி, தலைமுடிக்குள்ள, அக்குள், தொப்புள், தொடை இடுக்கு, முட்டிக்குப் பின்னாடி, சாக்ஸ் எலாஸ்டிக் பட்ட இடம். இருந்தா தோலோட ஒட்டி இடுக்கியால பிடிச்சு நேரா இழுத்து எடுங்க, பெட்ரோல் வாஸ்லின் எதுவும் தடவாதீங்க. அடுத்த ஒரு வாரம் பத்து நாள்ல காய்ச்சல், கடும் தலைவலி, நெறி கட்டறது, கடிச்ச இடத்துல நடுவுல கறுத்த பொருக்கு இப்படி ஏதாவது வந்தா அது உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம், மருந்து இருக்கு, டாக்டர்ட்ட போகும்போது எந்த ஆத்துல எந்தத் தேதில இருந்தீங்கன்னு சேத்து சொல்லுங்க.